சத்தத்தை அடக்கிய மாக்சிம்!

சென்னையில் இருந்து திருப்பதிக்குப் போகும் வழியில் இருக்கிறது, திருத்தணி. ஆந்திர எல்லை பக்கத்தில்தான். மலை மேல் முருகன் கோவில். ஏறிச் செல்ல 365 படிகள். கார்கள் போக மலைப்பாதையும் உண்டு.

மேட்டில் ஏறும்போது கார் என்ஜினுக்கு வேலை அதிகம். ஆனாலும் பெரும்பாலான கார்கள் காதைப் பிளக்காமல் ஏறிவிடுகின்றன. காரணம், வண்டியின் அடியில் இருக்கும் "சைலன்சர்."

பல லட்சம் ரூபாய் கொடுத்து "ஸ்போர்ட்ஸ்" கார் வாங்குகிறவர்களில் சிலர், இந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறு குழாய் மாட்டுகிறார்கள். கார் சிங்கம்போல கர்ஜிக்க வேண்டும் என்பது ஆசை. வேகமும் கூடும் என்பது நம்பிக்கை.

அந்தச் சத்தத்தை அடக்குவதற்காகவே பல ஆண்டுகள் பாடுபட்டவர் ஒருவர் உண்டு. அவர் பெயர், ஹிரம் பெர்சி மாக்சிம். அமெரிக்கர்.

துப்பாக்கியும் தந்தையும்

மாக்சிம் 1869-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந்தேதி, நியூயார்க் அருகே புரூக்ளினில் பிறந்தார்.

அவருடைய தந்தை பெயரும் ஹிரம் மாக்சிம்தான். அவர் பெரிய விஞ்ஞானி. மகன் சிறுவனாக இருந்தபோதே, 1881-ல் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். மனைவி மக்களைப் பிரிந்து, லண்டனிலேயே தங்கிவிட்டார்.

அங்கே 1884-ல் அவர் கண்டுபிடித்ததுதான், இயந்திரத் துப்பாக்கி. ஒரு நிமிடத்தில் 600 குண்டுகளைப் பொழியும்! ஆப்பிரிக்காவில் வெள்ளையர் படைகள் இதைக் கொண்டு ஆயிரக்கணக்கானவர்களைச் சுட்டுக்கொன்றன.

தந்தைக்குப் பணம் குவிந்தது. 1901-ல் "சர்" பட்டமும் கிடைத்தது.

ஆனால், அந்தத் துப்பாக்கி அவரையும் சும்மா விடவில்லை. வெடிச்சத்தத்தைப் பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டு, அவருடைய காது மந்தமாகிவிட்டது!

மகன் தாயிடம் வளர்ந்தார். கெட்டிக்கார மாணவர். பாஸ்டன் நகரில் தொழில் நுட்பம் படித்தார். 1886-ல் படிப்பை முடித்தபோது, அவருக்கு வயது 16.

ஒரு சொட்டு பெட்ரோல்

பிறகு பீரங்கிக் குண்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார்.

1892-ல் ஒருநாள் இரவு. தொலைவில் இருந்த ஊருக்குப் போய்விட்டு, சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். காலால் மிதித்துக்கொண்டே போகிறோமே, இந்த வேலையை ஒரு சின்ன இயந்திரம் செய்தால் என்ன என்று தோன்றியது.

காலியான குண்டு உறை ஒன்றை எடுத்தார். அதில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டார். தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். "டமார்" என்று வெடித்தது!

ஒரு சொட்டுக்கு இவ்வளவு சக்தியா என்று அவர் வியந்து போனார். இரவு பகலாகப் பாடுபட்டு, என்ஜின் ஒன்றைச் செய்தார். அதை மூன்று சக்கர சைக்கிளில் பொருத்தினார்.

1895-ல் ஹார்ட்போர்டு நகரில் இருந்த போப் சைக்கிள் கம்பெனி, அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அங்கே மோட்டார் வண்டிகள் செய்தார். 1899-ல் பிரான்போர்டு என்ற ஊரில் நடந்த பந்தயத்தில், தானே வண்டி ஓட்டி வெற்றி பெற்றார்.

எனவே, மாக்சிம் வேகத்தை வெறுத்தவர் அல்ல. வேகம் வேண்டும், சத்தம் வேண்டாம். அதுதான் அவர் கொள்கை.

குளிக்கும் தொட்டி

அந்தக் காலத்து மோட்டார் வண்டிகள் பயங்கரமாக அலறும். குதிரைகள் மிரண்டு ஓடும்.

சத்தம் ஏன் வருகிறது? என்ஜினுக்குள் பெட்ரோல் எரிந்ததும், புகை மிகுந்த சூட்டுடனும் அழுத்தத்துடனும் இருக்கும். அது வெளிக்காற்றில் திடீர் என்று பாய்வதால் வெடிச்சத்தம் கேட்கிறது. துப்பாக்கிச் சத்தத்துக்கும் இதுவே முக்கிய காரணம்.

ஒருநாள் மாக்சிம் குளித்து முடித்தார். தொட்டித் தண்ணீர் குழாய் வழியே இறங்குவதைப் பார்த்தார். அது நேராக இறங்கவில்லை. சுழன்று சுழன்று மெதுவாக இறங்கியது.

புகையையும் இப்படிச் சுழல விட்டால்? வேகம் குறையும். சூடு தணியும். வெளியே வரும்போது சத்தம் இராது!

இந்த முறையில் துப்பாக்கிக்கு ஒரு சைலன்சர் செய்து, 1909-ல் காப்புரிமை பெற்றார். தந்தை துப்பாக்கி செய்தார். மகன் அதன் வாயை அடைத்தார்!

ஆனால், துப்பாக்கி சைலன்சர் கெட்டவர்கள் கையில் சிக்கும் என்ற பயம் பரவியது. 1934-ல் அமெரிக்க அரசு அதற்கு 200 டாலர் வரி போட்டது. அதற்கு முன்பே மாக்சிம் கம்பெனி என்ஜின் சைலன்சர் பக்கம் திரும்பிவிட்டது.

என்ஜினுக்கு சைலன்சர் செய்தவர்களில் மாக்சிம் முதல் ஆள் அல்ல. 1897-லேயே ரீவ்ஸ் சகோதரர்கள் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். ஆனால், சத்தத்தை அடக்குவதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவர், மாக்சிம்.

சத்தம் வேறு, சக்தி வேறு

இதில் ஒரு சிக்கல் உண்டு. புகையை அளவுக்கு மீறித் தடுத்தால், என்ஜின் திணறும். புகையைத் தள்ளுவதற்கே சக்தி வீணாகும். தடுக்காமல் விட்டாலோ, ஊர் தாங்காது. இரண்டுக்கும் நடுவே வழி காண்பதுதான், சைலன்சர் செய்கிறவர்களின் திறமை.

இன்றைய விலை உயர்ந்த கார்கள் சிலவற்றில், புகைக்குழாயில் ஒரு சின்ன கதவு இருக்கிறது. மெதுவாகப் போகும்போது மூடிக்கொள்ளும். வேகமாக ஓட்டும்போது திறந்துகொள்ளும். கம்பெனியே அளந்து வைத்த ஏற்பாடு இது.

இதைக் கழற்றி வெறும் குழாயை மாட்டினால், சத்தம் பல மடங்கு கூடும். சக்தி கூடுவது பெரும்பாலும் கொஞ்சம்தான். சில வண்டிகளில், மெதுவான ஓட்டத்தில் இழுவை குறைந்தும் போகும். புகையைச் சுத்தப்படுத்தும் கருவியையும் சேர்த்துக் கழற்றினால், நச்சுப் புகை அப்படியே தெருவுக்கு வரும்.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. அதன்படி, சத்த அளவை மீறும் வண்டியை ஓட்டினால், முதல் தடவையே 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

திருத்தணியில் டிசம்பர் 31-ந்தேதி இரவு படித் திருவிழா நடக்கும். பக்தர்கள் படிதோறும் நின்று பாடிக்கொண்டே மலை ஏறுவார்கள். பக்கத்தில் ஒரு கார் அலறிக்கொண்டு போனால், பாட்டு காதில் விழுமா?

கடைசி நாட்கள்

மாக்சிம் சத்தத்தை அடக்கியதோடு நிற்கவில்லை. வீட்டில் இருந்தபடியே ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஆர்வலர்களை ஒன்று சேர்த்து, 1914-ல் ஒரு சங்கம் தொடங்கினார். அந்த அமெரிக்க சங்கம் இன்றும் இருக்கிறது. 1926-ல் சினிமாப் படம் எடுக்கும் ஆர்வலர்களுக்கும் ஒரு சங்கம் அமைத்தார். தெருச் சத்தம் புகாமல் காற்று மட்டும் வீட்டுக்குள் வர, ஜன்னலுக்கும் ஒரு சைலன்சர் செய்தார்!

1936-ல் ரெயிலில் போய்க்கொண்டிருந்தபோது, நோய்வாய்ப்பட்டார். கொலராடோ மாநிலத்தில் லா ஹுண்டா என்ற ஊரில், பிப்ரவரி 17-ந்தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 66.

தந்தை செய்த கருவி, அவர் காதையே கெடுத்தது. மகன் செய்த வேலை, முன்பின் தெரியாதவர்களின் காதுகளைக் காப்பாற்றியது.