மார்கஸ் பார்ட்லி: செயற்கை நிலவொளியும் முதற்பொருள் மரபும்

திறவுச்சொற்கள்: ஒளிப்பதிவு, நிலவொளி, புகைமூட்டம், முதற்பொருள், நாடக வழக்கு, உலகியல் வழக்கு

முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் நடிகர், உரையாடலாசிரியர், பாடலாசிரியர் ஆகியோரை முன்னிறுத்தியே எழுதப்பட்டுள்ளது. திரையில் நிலத்தையும் பொழுதையும் உருவாக்கிய ஒளிப்பதிவாளர்கள் பெயர்ப்பட்டியல் அளவில் நின்றுவிட்டனர். நிலமும் பொழுதும் முதற்பொருள் எனக் கொண்ட தமிழ் மரபில் இவ்விடுபாடு சிறியதன்று. மார்கஸ் பார்ட்லியின் (1917-1993) வாழ்வையும் பணியையும் இந்நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

வாழ்வும் பயிற்சியும்

ஆங்கிலோ-இந்தியரான பார்ட்லி, இதழியல் நிழற்படக் கலைஞராகத் தொழிலைத் தொடங்கிப் பின்னர்ச் செய்திப்படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார். செய்திப்படக்காரர் கிடைக்கும் வெளிச்சத்தைக் கொண்டே பணியாற்ற வேண்டியவர். வெளிச்சத்தை மாற்றியமைக்கும் வாய்ப்பு அவருக்கில்லை. இயற்கை ஒளியை நுணுகி நோக்கும் பழக்கம் இக்காலத்தில் அவருக்கு வாய்த்திருக்கும் எனக் கருத இடமுண்டு. பி. என். ரெட்டி இயக்கிய 'சுவர்க்க சீமா' (1945) வழியே வாகினி நிறுவனத்துடன் தொடர்பு கொண்டார். வடபழனியின் விஜயா-வாகினி படப்பிடிப்பு நிலையமே பின்னர் அவரது களமாயிற்று. 'பாதாள பைரவி' (1951), 'மிஸ்ஸியம்மா' (1955), 'மாயா பஜார்' (1957) ஆகியன அங்கு உருவான அவரது புகழ்பெற்ற படங்கள்.

நிலவொளியின் ஆக்கம்

முழுநிலவின் ஒளி கதிரவன் ஒளியில் ஏறத்தாழ 4,00,000-இல் ஒரு பங்கே. அக்காலப் படச்சுருள் அவ்வொளியில் அசையும் உருவங்களைப் பதிவுசெய்யும் திறனற்றது. எனவே திரையில் தோன்றிய நிலவொளி ஒவ்வொன்றும் ஆக்கப்பட்டதே. பகலில் வடிகட்டிக் கண்ணாடி வழியே ஒளியைக் குறைத்துப் படமெடுப்பது ஒரு முறை; நிலையத்துக்குள் விளக்குகளால் இரவை அமைப்பது மற்றொரு முறை.

காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் ஒளிக்கற்றை கண்ணுக்குப் புலனாகிறது. மூடுபனியைப் போலச் செயற்கைப் புகையைப் பரப்புவதன் நோக்கமும் இதுவே. விளக்கு உருவங்களுக்குப் பின்னிருந்து வருமாயின் புகை ஒளிர்ந்து ஆழம் தோன்றும். முன்னிருந்து வருமாயின் காட்சி வெளிறும். திறந்தவெளியில் காற்று புகையைக் கலைத்துவிடும். கடற்காற்று வீசும் சென்னையில் இத்தடை மிகுதி. ஆகவே அங்கு வெளிப்புறச் சூழலை நிலையத்துக்குள் அமைப்பது நடைமுறைத் தேவையும் ஆயிற்று.

கே. வி. ரெட்டி இயக்கித் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்த 'மாயா பஜார்' படத்தின் படகுப் பாடல் இதற்குச் சிறந்த சான்று. எண்ணூரில் எடுக்கப்பட்டவை சில நொடிக் காட்சிகளே என்றும், எஞ்சியவை நிலையத்துக்குள் செயற்கை நிலவொளியில் அமைக்கப்பட்டன என்றும் திரை வரலாற்றுக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. இரண்டிற்கும் இடையே பார்வையாளர் வேறுபாடு காணாதவாறு ஒளி ஒருமைப்பட்டிருப்பதே அவரது வெற்றி.

வழக்கு இரண்டும்

இவ்வாக்கத்தைப் பொய்த்தோற்றம் என ஒதுக்குதல் பொருந்துமா? புலனெறி வழக்கம் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இயைந்து அமைவது என்பது தொல்காப்பியக் கொள்கை. எண்ணூர் நீர்ப்பரப்பு உலகியல். நிலையத்து நிலவு நாடகம். இரண்டும் இயைந்தபோதே காதலர்க்குரிய பொழுது பிறந்தது. செய்யுளில் சொல் ஆற்றும் பணியை இங்கு ஒளி ஆற்றியுள்ளது எனலாம்.

தகழியின் புதினத்தைத் தழுவி ராமு காரியாத் இயக்கிய மலையாளப் படமான 'செம்மீன்' (1965) இவ்விகிதத்தைத் தலைகீழாக்கியது. அதில் உண்மைக் கடற்கரையும் இயற்கை ஒளியும் முதன்மை பெற, நாடக வழக்கு பின்னடைந்தது. நெய்தலுக்குரிய இரங்கல் வண்ணப்படத்தில் நிலத்தோடு ஒன்றி வெளிப்பட்டது. அப்படம் குடியரசுத் தலைவர் தங்கப்பதக்கம் பெற்றது. 'ஜேன் அயர்' புதினத்தின் தாக்கத்தில் தமிழில் உருவான 'சாந்தி நிலையம்' (1969) படத்திற்காகப் பார்ட்லி வண்ண ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைப் பெற்றார். மலைநாட்டுப் பின்னணியும் மறைபொருள் நிறைந்த மாளிகையும் கொண்ட அக்கதையில், திறந்தவெளியின் ஒளியும் அகத்தின் இருளும் எதிரெதிராக நின்று பொருளுணர்த்துகின்றன.

முடிவுரை

பார்ட்லி 1993-இல் மறைந்தார். செய்திப்படத்தின் உலகியல் ஒளியில் தொடங்கி, நிலையத்தின் நாடக ஒளியில் தேர்ந்து, கடற்கரையில் மீண்டும் உலகியலை நாடியது அவரது கலைப்பயணம். திரைப்பாடலை ஆராய்வோர் சொல்லையும் இசையையும் மட்டும் கருதின், அப்பாடலின் பொழுதை ஆக்கியவரை இழப்பர். முதற்பொருள் நோக்கில் ஒளிப்பதிவை ஆராய்வது தமிழ்த் திரையாய்வு மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.