ஒரு படம், ஐந்து விதம்... ஆர்சன் வெல்ஸ் எடுத்ததில் எதுதான் ஒரிஜினல்?

ஒரே படம். ஒரே டைரக்டர். ஆனா டிஸ்க்கை வாங்கினா உள்ளே ஐந்து விதமா இருக்கு. நீங்க எதைப் பார்ப்பீங்க?

இது கற்பனைக் கேள்வி இல்லை மக்களே! 2011-ல் பிரிட்டனில் வெளியான 'டச் ஆஃப் ஈவில்' ப்ளூ-ரேவில் நிஜமாகவே இப்படித்தான். மூன்று வெவ்வேறு எடிட், அதில் இரண்டு எடிட்டுக்கு அகலத் திரை, சதுரத் திரைன்னு இரண்டு வடிவம். ஆக மொத்தம் ஐந்து. இதில் எது டைரக்டர் மனசுல இருந்த படம்னு கேட்டுப் பாருங்க, சினிமா வெறியர்கள் விடிய விடியச் சண்டை போடுவாங்க. அந்த டைரக்டர் ஆர்சன் வெல்ஸ். அவர் இறந்து 40 வருஷம் ஆகிடுச்சு. சண்டை மட்டும் ஓயவே இல்லை.

ஏன் இவ்வளவு குழப்பம்? அதுக்கு அவர் வாழ்க்கையை முதல்ல பார்க்கணும்.

அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை

1915 மே 6-ம் தேதி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் கெனோஷா என்ற ஊரில் பிறந்தார் வெல்ஸ். அம்மா பியானோ கலைஞர். வெல்ஸுக்கு 9 வயசு இருக்கும்போதே இறந்துட்டார். அப்பா புதுசு புதுசா பொருள்கள் கண்டுபிடித்துச் சம்பாதித்தவர். ஆனால் குடிப்பழக்கம் அவரை விழுங்கியது. மகனுக்கு 15 வயசு ஆனபோது அவரும் போய்விட்டார்.

பதினாறு வயசுல நாம ப்ளஸ் ஒன் புக்குக்கு அட்டை போட்டுக்கிட்டு இருப்போம். வெல்ஸ் அயர்லாந்துக்குப் போய், டப்ளின் நகரின் கேட் தியேட்டர் கதவைத் தட்டினார். நியூயார்க்கில் தான் ஒரு பெரிய மேடை ஸ்டார் என்று வாய் கூசாமல் அளந்துவிட்டார். அவர்கள் முழுசா நம்பினார்களோ இல்லையோ, மேடை ஏற்றிவிட்டார்கள். பையன் நடிப்பில் பிய்த்து உதறினான்.

அங்கிருந்து எல்லாமே டாப் கியர்தான். 1936-ல், 20 வயசுல, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் முழுக்க முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்து ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்'தை மேடையேற்றினார். அடுத்த வருஷம் சொந்த நாடகக்குழு, 'மெர்க்குரி தியேட்டர்'. 1938 அக்டோபர் 30-ம் தேதி ரேடியோவில், செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியில் இறங்கிவிட்டதாகச் செய்தி வாசிப்பதுபோலவே ஒரு நாடகம் போட்டார். சிலர் அதை நிஜம்னு நம்பிப் பயந்துபோனாங்க. மறுநாள் பேப்பர்கள் நாடே கதிகலங்கிப்போனதாக எழுதித் தள்ளின. அதில் மிகைப்படுத்தல் நிறைய இருந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எது எப்படியோ, வெல்ஸ் பெயர் அமெரிக்கா முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஹாலிவுட் சும்மா இருக்குமா? ஆர்.கே.ஓ ஸ்டூடியோ கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டது. அந்த ஒப்பந்தத்தில்தான் கதையே இருக்கு.

கையில் கிடைத்த கத்தரிக்கோல்

சினிமாவில் 'ஃபைனல் கட்' என்று ஒரு உரிமை உண்டு. படத்தின் இறுதி வடிவத்தை யார் முடிவு செய்வது என்பதுதான் அது. அந்தக் காலத்து ஹாலிவுட்டில் அது ஸ்டூடியோ முதலாளிகளின் சொத்து. பெரிய பெரிய டைரக்டர்களுக்கே கிடைக்காத அந்த உரிமை, அதுவரை ஒரு ஹாலிவுட் படம்கூட எடுக்காத 24 வயசு இளைஞருக்குக் கிடைத்தது.

அதை வைத்து அவர் எடுத்ததுதான் 'சிட்டிசன் கேன்'. 1941-ல் வெளியானது. பணமும் அதிகாரமும் சேர்ந்த ஒரு பத்திரிகை முதலாளி, கடைசியில் ஆளில்லாத மாளிகையில் தனியாகச் சாகிற கதை.

உங்க போன்ல போர்ட்ரெய்ட் மோட் போட்டா பின்னணி மங்கலாகும் இல்லையா? அதுக்கு நேர் எதிரான விஷயத்தை வெல்ஸும் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டும் இந்தப் படத்தில் செய்தார்கள். கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே ஷாட்டில் பளிச்சென்று தெரியும். வீட்டுக்குள்ளே அம்மா ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு மகனை வேறொருவர் பொறுப்பில் ஒப்படைக்கிறார். பின்னால், ஜன்னலுக்கு வெளியே, அது எதுவும் தெரியாமல் அந்தச் சின்னப் பையன் பனியில் விளையாடிக்கொண்டிருக்கிறான். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிறோம். வெட்டு இல்லை, குளோசப் இல்லை. மனசு கனத்துப்போகும்.

நிஜமான பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட்டுக்கு, இது தன் கதைதான் என்று கோபம். தன் பேப்பர்கள் எதிலும் படத்தின் விளம்பரம்கூட வரக் கூடாது என்று தடுத்தார். நெகட்டிவையே எரித்துவிட ஹாலிவுட் தரப்பிலிருந்து சுமார் 8 லட்சம் டாலர் பேரம் பேசப்பட்டது. ஆர்.கே.ஓ மறுத்துவிட்டது. ஆனாலும் படம் முதல் ரவுண்டில் லாபம் பார்க்கவில்லை. 9 ஆஸ்கர் பரிந்துரையில் திரைக்கதைக்கு மட்டும் ஒன்று கிடைத்தது. பிற்பாடு, 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை 10 வருஷத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில், 1962 முதல் 2002 வரை தொடர்ந்து முதலிடம் இதற்குத்தான்.

பிரேசிலில் இருந்தபோது பறிபோன படம்

அடுத்த படம் 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்'. இந்தமுறை புது ஒப்பந்தத்தில் ஃபைனல் கட் உரிமையை வெல்ஸ் விட்டுக்கொடுத்திருந்தார். அதன் விலை சீக்கிரமே தெரிந்தது.

1942 தொடக்கத்தில், உலகப்போர் நேரம். லத்தீன் அமெரிக்க நாடுகளோடு நட்பை வளர்க்கும் அரசுத் திட்டத்துக்காக ஓர் ஆவணப்படம் எடுக்க பிரேசிலுக்குக் கிளம்பினார். இங்கே, முதலில் 130 நிமிஷத்துக்கும் மேல் இருந்த 'ஆம்பர்சன்ஸ்' படத்தை பொமோனா என்ற ஊரில் சோதனைக் காட்சியாகத் திரையிட்டார்கள். கூட்டத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. ஸ்டூடியோ பயந்தது. வெல்ஸ் தந்தி மேல் தந்தி அனுப்பியும் பலன் இல்லை. படம் 88 நிமிஷமாகச் சுருங்கியது. சோகமான முடிவை எடுத்துவிட்டு, வேறு ஆட்களை வைத்து நல்லவிதமான முடிவு ஒன்றைப் படம்பிடித்துச் சேர்த்தார்கள். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கடுப்பாகி டைட்டிலில் தன் பெயரே வேண்டாம் என்று எடுக்கச் சொல்லிவிட்டார்.

வெட்டிய காட்சிகள்? அழித்துவிட்டார்கள். இன்னிக்கு அந்த 40 நிமிஷத்துக்கும் மேலான படம் உலகத்தில் எங்கேயும் இருப்பதாகத் தெரியவில்லை. பிரேசிலுக்கு அனுப்பிய ஒரு பிரதி எங்காவது பரணில் கிடக்காதா என்று ரசிகர்கள் இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். காணாமல்போன காட்சிகளை ஏஐ வைத்து மீண்டும் உருவாக்கப்போவதாக 2025-ல் ஒரு நிறுவனம் அறிவித்ததும் பெரிய விவாதம் ஆனது. உருவாக்கினாலும் அது வெல்ஸ் எடுத்ததாகுமா?

பிரேசிலில் எடுத்த ஆவணப்படமும் பாதியில் நின்றது. ஒரு மீனவர் படப்பிடிப்பின்போது கடலில் மூழ்கி இறந்துபோனார். ஊர் திரும்பிய வெல்ஸ் மேல், காசைக் கரைப்பவர், எதையும் முடிக்காதவர் என்ற முத்திரை விழுந்தது. கடைசிவரை அது அவரை விடவில்லை.

துண்டுதான் காஸ்ட்யூம்!

ஹாலிவுட் கதவு மூட மூட, வெல்ஸ் ஐரோப்பாவுக்குப் போனார். மற்றவர்கள் படத்தில் நடிப்பார். சம்பளத்தைத் தன் படத்தில் போடுவார். காசு தீர்ந்தால் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு மறுபடி நடிக்கப் போவார். 'ஒதெல்லோ' இப்படித்தான் வருஷக்கணக்கில் மொராக்கோவிலும் இத்தாலியிலுமாக வளர்ந்தது. ஒருமுறை காஸ்ட்யூம் வந்து சேரவில்லை. கொலைக் காட்சியை அப்படியே நீராவிக் குளியலறைக்கு மாற்றி, நடிகர்களுக்குத் துண்டைக் கட்டிவிட்டு எடுத்துவிட்டார். அந்தப் படம்தான் 1952-ல் கான் விழாவின் உயரிய பரிசைப் பகிர்ந்துகொண்டது.

அப்புறம் ஹாலிவுட்டில் இன்னொரு வாய்ப்பு. அதுதான் 'டச் ஆஃப் ஈவில்'. முதல் ஷாட்டே மூன்று நிமிஷத்துக்கு மேல் வெட்டில்லாமல் போகும். ஒரு காரில் வெடிகுண்டு. கார் எல்லையை நோக்கி ஊர்ந்து போகுது, கேமராவும் கூடவே போகுது. எப்போ வெடிக்கும்னு நாம நகத்தைக் கடிக்கணும்.

இந்தமுறையும் ஸ்டூடியோ படத்தை வாங்கித் தங்கள் இஷ்டத்துக்கு எடிட் செய்தது, வேறொரு டைரக்டரை வைத்துச் சில காட்சிகளும் எடுத்தது. 1957 டிசம்பரில் அதைப் பார்த்த வெல்ஸ் உட்கார்ந்து 58 பக்கத்துக்கு ஒரு மெமோ டைப் செய்தார். எந்த ஷாட் எங்கே வரணும், எந்த இடத்தில் என்ன சத்தம் கேட்கணும் என்று விலாவாரியாக. ஸ்டூடியோ அதில் பெரும்பகுதியைக் கண்டுகொள்ளவில்லை.

40 வருஷம் கழித்து 1998-ல், எடிட்டர் வால்டர் மர்ச் அந்த மெமோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தை மறுபடி எடிட் செய்தார். முதல் ஷாட்டின் மேல் ஓடிய டைட்டிலும் தீம் மியூசிக்கும் போய், தெருவின் சத்தங்கள் வந்தன.

ரசிகர்கள் எதுக்கு அடிச்சுக்கிறாங்க?

அப்போ 1998 வடிவம்தானே சரி? இங்கேதான் சிக்கல். அந்த மெமோ, ஸ்டூடியோ எடிட் செய்த படத்தைப் பார்த்துவிட்டு, இதையாவது சரிசெய்யுங்க என்று எழுதியது. முழு சுதந்திரம் இருந்திருந்தா அவர் எப்படி எடிட் செய்திருப்பார்னு அதில் இல்லை. அதனால் 1998 வடிவத்தை டைரக்டர்ஸ் கட் என்று சொல்வது தப்பு என்கிறது ஒரு கட்சி. 1958-ல் தியேட்டரில் மக்கள் பார்த்ததுதான் வரலாறு என்கிறது இன்னொரு கட்சி.

திரை வடிவத்திலும் தகராறு. நெகட்டிவில் பதிவானது கிட்டத்தட்டச் சதுரம். 1958-ல் தியேட்டர்கள் மேலேயும் கீழேயும் மறைத்து அகலமாகக் காட்டின. நீங்க எடுத்த போட்டோவை இன்னொருத்தர் க்ராப் பண்ணிப் போஸ்ட் போட்டா எப்படி இருக்கும்? அந்த மாதிரிதான் என்கிறார்கள் சிலர். இல்லை, அகலத் திரைக்குத்தான் அவர் ஃப்ரேம் வைத்தார் என்கிறார்கள் வேறு சிலர்.

'சிட்டிசன் கேன்' மட்டும் தப்பியதா? அதன் ஒரிஜினல் நெகட்டிவ் தீயில் போய்விட்டது. 2001 டிவிடியில், தூசி, கீறல்களை நீக்கும் சாஃப்ட்வேர் ஒரு காட்சியில் ஜன்னலுக்கு வெளியே பெய்த மழையையும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது! 2011 ப்ளூ-ரேவில்தான் மழை திரும்பி வந்தது. 1989-ல் படத்துக்குக் கலர் அடிக்க ஒரு முயற்சி நடந்தது. அதைத் தடுத்தது எது தெரியுமா? 24 வயசுல அவர் போட்ட அந்த ஒப்பந்தம். இறந்த பிறகும் அந்த ஒரு படத்தை அது காப்பாற்றியது.

நெட்ஃபிளிக்ஸில் வந்த கடைசிப் படம்

1970 முதல் 1976 வரை வெல்ஸ் எடுத்த படம் 'தி அதர் சைட் ஆஃப் தி விண்ட்'. ஒரு வயசான டைரக்டர், முடிக்காத தன் கடைசிப் படத்தைத் திரையிட்டுக் காட்டும் கதை. பணம் போட்டவர்களில் ஒருவர் ஈரான் மன்னரின் உறவினர். 1979-ல் அங்கே புரட்சி. நெகட்டிவ் பாரிஸில் ஒரு பெட்டகத்துக்குள் மாட்டிக்கொண்டது.

வெல்ஸ் அதை முடிக்கவே இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஒயின் விளம்பரத்தில் நடித்தார். 1986-ல் வெளியான 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' கார்ட்டூன் படத்தில், கிரகங்களை விழுங்கும் வில்லனுக்குக் குரல் கொடுத்தார். அந்தப் படம் வருவதற்கு முன்பே, 1985 அக்டோபர் 10-ம் தேதி, 70 வயதில் இறந்துபோனார். அவர் அஸ்தி இப்போ ஸ்பெயினின் ரோண்டா நகரில், ஒரு காளைச்சண்டை வீரர் நண்பரின் பண்ணையில் இருக்கிறது.

அதன்பிறகு 30 வருஷத்துக்கும் மேல் ஆகி, நண்பர்கள் அந்தப் பெட்டகத்தைத் திறக்க வைத்தார்கள். உள்ளே சுமார் 100 மணி நேரக் காட்சிகள். வெல்ஸே எடிட் செய்து வைத்திருந்த பகுதிகளையும் குறிப்புகளையும் வைத்து முடித்து, 2018 நவம்பர் 2-ம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வெளியிட்டார்கள். தியேட்டர்காரர்கள் கைவிட்ட டைரக்டரின் கடைசிப் படம், போனில் பார்க்கிற ஆப்பில் வந்தது.

சிலர் கண்ணீரோடு கொண்டாடினார்கள். அவர் இல்லாமல் முடித்ததை அவர் படம் என்று எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா பெட்டகத்திலேயே கிடந்திருந்தா, இப்படிக் கேட்கவும் ஆள் இருந்திருக்காது.

எங்கே ஆரம்பிக்கலாம்?

முதல்ல 'சிட்டிசன் கேன்'. அவர் நினைத்தபடியே முழுசாகக் கிடைத்த படம். அடுத்து 'டச் ஆஃப் ஈவில்', 1998 வடிவம். பிடித்திருந்தால் 1958 வடிவத்தின் முதல் மூன்று நிமிஷத்தை மட்டும் போட்டுப் பாருங்க. ஒரே ஷாட், சத்தம் மாறினால் படமே எப்படி மாறுதுன்னு புரியும். அதுக்கப்புறம் 'ஆம்பர்சன்ஸ்' பாருங்க. கடைசிக் காட்சி வரும்போது, இது அவர் எடுத்தது இல்லைங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

எந்த வடிவம் ஒரிஜினல்னு அப்புறம் நீங்களே சொல்லுங்க. முடிந்தால் ஹெட்செட் போட்டு, ரூமில் லைட்டை அணைச்சுட்டுப் பாருங்க. சின்ன ஸ்க்ரீன்தான், பரவாயில்லை.