போர்முனையிலிருந்து வகுப்பறைக்கு: தத்துவ மேதை விட்கென்ஸ்டைன் வாத்தியார் வேலையை ஏன் விட்டார்?

20-ஆம் நூற்றாண்டின் மிக முக்கியமான தத்துவ மேதைகளில் ஒருவர் லுட்விக் விட்கென்ஸ்டைன். கேம்பிரிட்ஜ் பேராசிரியராகத்தான் பலருக்கும் அவரைத் தெரியும். ஆனால், முதல் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு ஊர் திரும்பியதும், சுமார் 6 வருஷம் ஆஸ்திரிய கிராமங்களில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தார். அந்த வேலை முடிந்த விதம் இன்றும் பேசப்படுகிறது.

யார் இவர்?

1889 ஏப்ரல் 26-ல் வியன்னாவில் பிறந்தார். அப்பா கார்ல், எஃகுத் தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர். ஐரோப்பாவின் பெரும் பணக்காரக் குடும்பங்களில் ஒன்று அது. கடைக்குட்டியான லுட்விக், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் விமானப் பொறியியல் ஆய்வில் இருந்தார். அப்புறம் கணிதத்தின் அடிப்படைகள் மீது ஆர்வம் திரும்ப, 1911-ல் கேம்பிரிட்ஜ் போய் பெர்ட்ரண்ட் ரஸலிடம் சேர்ந்தார்.

ராணுவத்தில் என்ன செய்தார்?

1914-ல் போர் வெடித்தது. குடலிறக்கம் இருந்ததால் அவர் ராணுவத்துக்குப் போக வேண்டிய கட்டாயமே இல்லை. ஆனாலும் தானாகவே போய்ச் சேர்ந்தார். 1916-ல் ரஷ்யப் படைகளுக்கு எதிரான போர்முனையில், உயிருக்கு அதிக ஆபத்துள்ள கண்காணிப்புப் பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். துணிச்சலுக்காகப் பதக்கங்களும் கிடைத்தன.

போருக்கு நடுவே நோட்டுப் புத்தகங்களில் தத்துவக் குறிப்புகளையும் எழுதிக்கொண்டே இருந்தார். அவைதான் பின்னாளில் ‘டிராக்டேடஸ்’ என்ற சின்னப் புத்தகமாக வந்தன. 1918 நவம்பரில் இத்தாலியப் படையிடம் பிடிபட்டு, 1919 ஆகஸ்ட் வரை போர்க் கைதியாக இருந்தார்.

ஏன் வாத்தியார் வேலை?

வீடு திரும்பியதும் முதல் காரியமாக, தன் பங்குச் சொத்து முழுவதையும் உடன்பிறந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்துட்டார். தத்துவத்தின் முக்கியமான சிக்கல்களைத் தன் புத்தகம் தீர்த்துவிட்டதாக நம்பினார். ஆக, அந்தத் துறையில் இனி செய்ய எதுவும் இல்லை என்பது அவர் கணக்கு. போர்க்காலத்தில் படித்த டால்ஸ்டாயின் எழுத்து மனதில் ஆழமாகப் பதிந்திருந்தது. எளிய கிராமத்து மக்களோடு வாழ வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது.

30 வயதில், தன்னைவிடப் பல வயது சின்னவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியர் பயிற்சி படித்தார். 1920-ல் டிராட்டன்பாக் என்ற கிராமத்தில் வேலை கிடைத்தது. பிறகு புக்பெர்க், கடைசியாக ஒட்டர்தால்.

எப்படிப் பாடம் நடத்தினார்?

மனப்பாடம் அவருக்குப் பிடிக்காது. நீராவி எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று மாடல் செய்து காட்டினார். பூனையின் எலும்புக்கூட்டைப் பிள்ளைகளோடு சேர்ந்து கோத்தார். காட்டு வழியாக நடத்திக் கூட்டிப்போய்ச் செடிகளை அடையாளம் காட்டினார். வியன்னாவுக்கு அழைத்துப்போய்க் கட்டடங்களின் பாணியைக் கவனிக்கச் சொன்னார்.

எழுத்துப்பிழை தீர, பிள்ளைகளையே சொந்தமாக அகராதி தயாரிக்க வைத்தார். அதன் தொடர்ச்சியாக அவர் உருவாக்கிய பள்ளி அகராதி 1926-ல் அச்சானது. அவர் வாழ்நாளில் வெளிவந்த புத்தகங்கள் இரண்டே இரண்டு. ஒன்று டிராக்டேடஸ், இன்னொன்று இந்த அகராதி.

பிரச்சினை எங்கே தொடங்கியது?

காலையில் முதல் 2 மணி நேரம் கணக்கு. அந்த வயதுக்கு மீறிய அல்ஜீப்ராவும் உண்டு. சட்டென்று பிடித்துக்கொண்ட பிள்ளைகளுக்கு அவர் அருமையான ஆசிரியர். தடுமாறியவர்களுக்கோ பெரும் பயம். காதைத் திருகுவார், முடியைப் பிடித்து இழுப்பார், அறைவார்.

அந்தக் காலத்தில் எல்லா வாத்தியாரும் அடிச்சாங்கதானே என்று கேட்கலாம். உண்மைதான், சேட்டைக்கு அடி விழுவது அங்கே சகஜம். ஆனால், கணக்கு புரியவில்லை என்பதற்காக அடிப்பதையும், பெண் பிள்ளைகளை அடிப்பதையும் அந்த ஊர்க்காரர்களாலேயே ஏற்க முடியவில்லை.

1926 ஏப்ரலில் ஒட்டர்தாலில் 11 வயதுச் சிறுவன் ஒருவனின் தலையில் அடித்தார். உடல்நலம் குன்றிய அந்தப் பையன் மயங்கி விழுந்தான். ஊர் கொதித்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஏப்ரல் 28-ம் தேதி விட்கென்ஸ்டைன் ராஜினாமா செய்தார். அதன்பிறகு அவர் பள்ளி ஆசிரியர் வேலைக்குத் திரும்பவே இல்லை.

அதற்கப்புறம்?

கொஞ்ச காலம் ஒரு மடாலயத்தில் தோட்ட வேலை. பிறகு தன் அக்காவுக்காக வியன்னாவில் ஒரு வீட்டை வடிவமைத்தார். 1929-ல் கேம்பிரிட்ஜ் திரும்பி, 1939-ல் பேராசிரியர் ஆனார்.

ஆனால், பள்ளிக்கூட நினைவுகள் அவரை விடவில்லை. ஒரு மாணவியை அடித்ததையும், தலைமை ஆசிரியர் விசாரித்தபோது அடிக்கவே இல்லை என்று பொய் சொன்னதையும் பல வருஷம் கழித்து நண்பர்களிடம் அவரே ஒப்புக்கொண்டார். வேலையை விட்டு சுமார் 10 ஆண்டுகள் ஆனபின் ஒட்டர்தாலுக்குத் திரும்பிப்போய், பழைய மாணவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி நேரில் மன்னிப்புக் கேட்டார். சிலர் பெருந்தன்மையோடு மன்னித்தார்கள். எல்லாரும் அப்படி இல்லை. காது, முடி என்று வலி அனுபவித்த ஒருவர் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை.

1951 ஏப்ரல் 29-ல் கேம்பிரிட்ஜில் அவர் காலமானார். குழந்தைகள் சொற்களை எப்படிக் கற்கிறார்கள் என்ற கேள்வியை அவருடைய பிற்கால எழுத்துகளில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். குண்டு மழையில் அசராமல் நின்றவருக்கு, கணக்கு வராத ஒரு பிள்ளையின் முன்னால் பொறுமையாக நிற்க வரவில்லை. ராணுவத் துணிச்சலும் அபாரமான அறிவும் இருந்தால் நல்ல ஆசிரியர் ஆகிவிடலாம் என்று நினைப்பவர்கள், ஒட்டர்தாலில் நடந்ததையும் ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது.