பிராட்ஃபர்ட் ஹில்லும் ஒட்டிய உறைகளும்

மருந்துச் சோதனைகளின் தரவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. விடுபட்ட தேதி, பொருந்தாத எடை, இருமுறை பதிவான நோயாளி என்று தேடித் தேடி மருத்துவமனைகளுக்குக் கேள்வி அனுப்புவேன். வெறும் குமாஸ்தா வேலை என்றுதான் நினைத்திருந்தேன், ஆஸ்டின் பிராட்ஃபர்ட் ஹில்லின் வாழ்க்கையைப் படிக்கும் வரை.

ஹில் 1897இல் லண்டனில் பிறந்தார். தந்தை பெயர்பெற்ற உடலியல் அறிஞர். தாமும் மருத்துவராக வேண்டும் என்பது மகனின் ஆசை. முதல் உலகப் போரில் கடற்படையின் விமானப் பிரிவில் சேர்ந்தவர் காசநோயோடு திரும்பினார். பிழைப்பாரா என்பதே சந்தேகமாயிருந்தது. மருத்துவப் படிப்பு கைநழுவிப் போயிற்று. அஞ்சல்வழியில் பொருளாதாரம் படித்து, பிறகு புள்ளியியலுக்கு வந்து சேர்ந்தார். 1937இல் லான்செட் இதழில் மருத்துவர்களுக்காக அவர் எழுதிய புள்ளியியல் தொடர் நூலாகிப் பல பதிப்புகள் கண்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்ட்ரெப்டோமைசின் பிரிட்டனில் கொஞ்சமே கிடைத்தது. 1947இல் தொடங்கிய சோதனையில் 107 காசநோயாளிகள். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பதைத் தற்செயல் எண்களால் முடிவு செய்து, ஒட்டிய உறைகளில் வைத்தார் ஹில். நோயாளியைச் சேர்ப்பது என்று உறுதியான பிறகே உறை பிரிக்கப்பட்டது.

எக்ஸ்ரே படங்களை மூவர் தனித்தனியே படித்தார்கள், படத்துக்குரியவர் மருந்து பெற்றவரா இல்லையா என்று அறியாமலே. கருத்து வேறுபட்ட படங்களைக் கடைசியில் கூடிப் பார்த்துத் தீர்த்தார்கள். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் மற்றவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 1948இல் வெளியான அறிக்கை, மருந்துக்குக் கிருமிகள் பழகிவிடுவதையும் மறைக்கவில்லை.

1950இல் ரிச்சர்ட் டாலுடன் சேர்ந்து புகைப்பழக்கத்தை ஆராய்ந்தபோதும் இதே கவனம். நுரையீரல் புற்றுநோய் என்று தவறாகப் பதிவாகிப் பிறகு இல்லை என்று தெரிந்தவர்களை அவர்கள் தனியே பிரித்துப் பார்த்தார்கள். அவர்களின் புகைப்பழக்கம் புற்றுநோய் இல்லாதவர்களுடையதை ஒத்திருந்தது. கேள்வி கேட்டவர்களின் முன்முடிவு பதில்களை வளைக்கவில்லை என்பதற்கு அந்தப் பிழையே சாட்சியாயிற்று.

1961இல் சர் பட்டம் பெற்ற ஹில் 1991இல் மறைந்தார்.

காசநோயால் கனவை இழந்தவர் அவர். அந்த மருந்து வெல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை இல்லாமலா இருந்திருக்கும்? அந்த ஆசை எண்களைத் தொட முடியாதபடி முதலிலேயே வழியடைத்து வைத்தார்.

யாருக்கு எந்த மருந்து என்று தெரிந்துவிடும் சோதனைகளில், புது மருந்து பெற்றவரின் மோசமான எண்ணைக் கண்டால் பிழையோ என்று என் மனம் உடனே சந்தேகிக்கும். நல்ல எண்ணைக் கண்டால் பேசாமலிருக்கும். இப்போது இரண்டுக்கும் ஒரே கேள்வியைத்தான் அனுப்புகிறேன்.