குழந்தைகளோடு நடந்தவர்

வைத்தியத் தொழிலிலே பேரும் பொருளும் ஈட்டியிருக்கக்கூடிய ஒருவர், அவற்றை வேண்டாமென ஒதுக்கி, அநாதைக் குழந்தைகளுக்குத் தந்தையானார். அவர்களுடைய வாழ்விலே பங்கு கொண்டது போலவே சாவிலும் பங்கு கொண்டார். அவர்தாம் யானுஷ் கோர்ச்சாக்.

போலந்தின் வார்சா நகரில் ஒரு யூதக் குடும்பத்திலே பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் ஹென்றிக் கோல்ட்ஷ்மிட். கோர்ச்சாக் என்பது அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர். மருத்துவம் பயின்று, ருஷ்ய-ஜப்பானியப் போரிலே இராணுவ வைத்தியராகப் பணியாற்றினார். 1912இல் வார்சாவிலே யூத அநாதைக் குழந்தைகளுக்கென ஓர் இல்லம் எழுந்தபோது அதன் பொறுப்பை ஏற்றார். ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்னும் அம்மையார் அவருக்கு வலக்கையாக விளங்கினார்.

அந்த இல்லத்திலே பிரம்புக்கு வேலையில்லை. குழந்தைகளே நீதிபதிகளாக அமரும் நீதிமன்றம் ஒன்று இருந்தது. தவறு செய்தவர் ஆசிரியரேயாயினும் வழக்குத் தொடுக்கலாம். கோர்ச்சாக்கே அங்கு குற்றம் சாட்டப்பட்டு நின்றதுண்டு! 1926இல் குழந்தைகளே எழுதும் பத்திரிகை ஒன்றையும் தொடங்கினார். குழந்தை நாளைக்கு மனிதனாகப் போகிறவனல்லன், இன்றைக்கே மனிதன் என்பது அவர் கொள்கை.

1933இல் ஜெர்மனியிலே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். 1935இல் யூதர்களின் குடியுரிமையைச் சட்டமே பறித்தது. 1939 செப்டம்பரில் நாஜிப் படை போலந்துக்குள் புகுந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில், வார்சாவின் ஒரு மூலையிலே மதிற்சுவருக்குள் நாலு லட்சம் யூதர்கள் அடைக்கப்பட்டனர். இல்லமும் உள்ளே சென்றது. பசியும் நோயும் மக்களை வாரிக்கொண்டு போயின. முதுமையும் பிணியும் வாட்ட, கோர்ச்சாக் வீடு வீடாகச் சென்று குழந்தைகளுக்கு உணவு இரந்தார். அவரைத் தப்புவிக்க நண்பர்கள் முயன்றனர், அவர் இசையவில்லை.

1942 ஜூலை 18. இல்லத்துக் குழந்தைகள் நாடகம் ஒன்றை நடித்தனர். எந்த நாடகம் தெரியுமா? நம் தாகூரின் 'அஞ்சல் நிலையம்'! அறைக்குள் அடைபட்ட நோயாளிச் சிறுவன் அரசனின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் கதை. மதிலுக்குள் அடைபட்ட அந்தக் குழந்தைகளுக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருந்திராது.

நான்கு நாள் கழித்து யூதர்களைச் சாவு முகாமுக்கு ஏற்றிச் செல்லும் பணி தொடங்கியது. ஆகஸ்டு முதல் வாரத்திலே இல்லத்தின் முறை வந்தது. ஏறத்தாழ 200 குழந்தைகள் வரிசையாக இரயிலடிக்கு நடந்தனர். கோர்ச்சாக்கும் உடன் நடந்தார். வில்சின்ஸ்கா அம்மையாரும் நடந்தார். டிரெப்ளிங்கா முகாமிலே நச்சுப்புகை அறைகள் காத்திருந்தன. ஒருவரும் திரும்பவில்லை.

நாஜி ஆட்சி கொன்ற யூதர்கள் சுமார் 60 லட்சம் பேர். அவர்களில் பல லட்சம் பேர் குழந்தைகள்.

நண்பர்களே, அந்நாளில் டிரெப்ளிங்கா முகாமுக்குத் தலைவனாயிருந்த எபெர்ல் என்பவனும் மருத்துவப் பட்டம் பெற்றவனே. இருவரும் கற்றது ஒரே கல்வி. ஒருவர் குழந்தைகளின் கையைப் பற்றி நடந்தார். மற்றவன் அவர்களுக்கு வாயிற்கதவைத் திறந்து வைத்தான். நாமும் நாளை பட்டம் பெற்று வெளியேறுவோம். பட்டம் நம்மை எந்தப் பக்கத்திலே நிறுத்தும் என்பதைப் பல்கலைக்கழகம் சொல்லாது. நாமே முடிவு செய்ய வேண்டும்.

டிரெப்ளிங்காவிலே இன்று ஆயிரக்கணக்கான நினைவுக் கற்கள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று கோர்ச்சாக்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதிலும் அவர் தனியாக இல்லை; குழந்தைகளோடுதான் இருக்கிறார்.