கிம் ஹோங்-ஜிப்: அந்நியத் துப்பாக்கியின் நிழலில் ஒரு பிரதம மந்திரி

1896-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 11-ந் தேதி, கொரியாவின் தலைநகரமாகிய ஸியோலில், அந்நாட்டின் பிரதம மந்திரி பட்டப்பகலில் நடுத்தெருவில் கொல்லப்பட்டார். அவர் உடல் வீதியில் போடப்பட்டது. ஜனங்கள் அதன் மீது கல்லெறிந்தார்கள். கொல்லப்பட்டவர் கொடுங்கோலர் அல்லர். பொக்கிஷத்தைக் கொள்ளையடித்தவரும் அல்லர். அடிமை முறையைச் சட்டத்தினின்று நீக்கியவர் அவரே. விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று விதித்தவரும் அவரே. இத்தகைய மனிதரைச் சொந்த ஜனங்களே ஏன் துரோகி என்று தீர்மானித்தார்கள்? கிம் ஹோங்-ஜிப் என்ற அந்த ராஜதந்திரியின் சரித்திரத்தை இந்தக் கேள்விக்காகவே நாம் எடுத்துக்கொள்ளுகிறோம்.

அவர் பிறந்தது 1842-ல். அவர் வாலிபராயிருந்த காலத்தில் கொரியா கதவைச் சாத்திக்கொண்டிருந்த தேசம். பாலகராகப் பட்டத்திற்கு வந்த கோஜோங் அரசரின் பெயரால் ஆண்ட அவர் தந்தை தேவொன்குன், அந்நியருடன் சமாதானம் பேசுவதே தேசத்துரோகம் என்று கற்களில் வெட்டி நாடெங்கும் நாட்டினார். 1876-ல் ஜப்பானியர் போர்க் கப்பல்களைக் காட்டிக் காங்ஹ்வா உடன்படிக்கையை வாங்கினர். அதன்படி ஜப்பானியச் சரக்குகள் சுங்கமின்றி இறங்கின; கொரியாவில் குற்றம் புரிந்த ஜப்பானியனை ஜப்பானிய அதிகாரியே விசாரிக்கும் உரிமையும் உண்டாயிற்று. தன் துறைமுகத்தில் தானே வரி விதிக்கக்கூடாத தேசத்தின் நிலைமை எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சுங்க விஷயத்தைப் பேசுவதற்காகவே 1880-ல் கிம் தூதராக ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். போன காரியம் கைகூடவில்லை. ஆனால் டோக்கியோவிலிருந்த சீன ஸ்தானிகர் காரியாலயத்தில் ஹுவாங் ட்ஸுன்-ஸியன் என்ற அறிஞர் அவரிடம் ஒரு சிறு நூலைக் கொடுத்தார். ருஷியாவிடம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். சீனாவை அண்டியும், ஜப்பானுடன் இணங்கியும், அமெரிக்காவுடன் சிநேகம் பூண்டும் கொரியா பிழைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கிம் அதை அரசரிடம் சமர்ப்பித்தார். மறு வருஷம் தெற்கு மாகாணத்துப் பண்டிதர்கள் பதினாயிரம் பேர் பெயரால் அதைக் கண்டித்து விண்ணப்பம் செய்தார்கள். கிம் பதவியை விட்டார். ஆயினும் வெகுசீக்கிரத்தில் அரசர் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். அந்நியருடன் உட்கார்ந்து ஷரத்து ஷரத்தாக வாதாடத் தெரிந்தவர் அச்சபையில் வேறு எத்தனை பேர்?

1882-ல் அமெரிக்காவுடன் ஏற்பட்ட உடன்படிக்கையில் அவர் துணைத் தூதர். சுங்கவரி விதிக்கும் உரிமை கொரியாவுக்கு உண்டென்று அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அது சிறு லாபமன்று. ஆனால் அதே வருஷம் ஸியோலில் சம்பளம் கிடைக்காத சிப்பாய்கள் கலகம் செய்து ஜப்பானிய ஸ்தானிகர் மாளிகையைத் தாக்கினர். நஷ்டஈடாக ஐந்து லட்சம் யென் கொடுப்பதற்கும், தலைநகரில் ஜப்பானியக் காவற்படை தங்குவதற்கும் கையெழுத்திட வேண்டிய கடமை கிம்முக்கும் வாய்த்தது. 1884 டிசம்பரில் கிம் ஓக்-கியூன் முதலிய தீவிர வாலிபர்கள் ஜப்பானியர் துணையை நம்பி அரண்மனையைக் கைப்பற்றி, மூன்றே நாளில் சீனப் படையால் முறியடிக்கப்பட்டனர். 1885 ஜனவரியில் இனொவுயே கவோருவுடன் அதற்கு முடிவு கட்டிய உடன்படிக்கையும் இவர் கையெழுத்திட்டதே. பிறர் மூட்டிய நெருப்புக்கெல்லாம் தண்ணீர் சுமந்தவர் இவர் என்றால் மிகையாகாது. பிறகு சுமார் பத்து வருஷ காலம் சீனாவின் பிரதிநிதி யுவான் ஷிகாய் ஸியோலில் கிட்டத்தட்ட எஜமானராகவே நடந்துகொண்டார்.

1894-ல் புயல் வீசிற்று. அதிகாரிகளின் கொள்ளையைப் பொறுக்கமாட்டாத குடியானவர்கள் தோங்ஹாக் மார்க்கத்தாரின் கொடியின் கீழ்த் திரண்டு, ஜோன் போங்-ஜுன் தலைமையில் ஜோன்ஜு நகரைப் பிடித்தனர். அரசாங்கம் சீனாவின் படையை வரவழைத்தது. அழையாத ஜப்பானும் தன் படையை இறக்கியது. ஜூலை 23-ந் தேதி ஜப்பானியப் படை அரண்மனைக்குள் புகுந்தது. நாலு நாளில் ஒரு சீர்திருத்தச் சபை ஏற்பட்டது. அதன் தலைவர் கிம் ஹோங்-ஜிப்.

அச்சபை சில மாதங்களில் செய்த வேலை பிரமிக்கத்தக்கது. ஏறக்குறைய 200 தீர்மானங்கள். உயர்குலம், தாழ்குலம் என்ற வேற்றுமை சட்டத்தில் ஒழிந்தது. மனிதரை விற்பதும் வாங்குவதும் தடுக்கப்பட்டன. 958-ம் வருஷம் முதல் உத்தியோகத்திற்கு வாயிலாயிருந்த பழைய பரீக்ஷை நீங்கிற்று. ஒருவன் குற்றத்திற்காக அவன் குடும்பத்தாரையும் தண்டிக்கும் வழக்கம் போயிற்று. ஆணுக்கு 20, பெண்ணுக்கு 16 என்று மண வயது வகுக்கப்பட்டது. வரியைத் தானியமாக அன்றிப் பணமாகச் செலுத்த ஏற்பாடாயிற்று. சர்க்கார் தஸ்தாவேஜுகளில் தேசமொழி எழுத்துக்கு இடம் கிடைத்தது. இவற்றில் எதையும் ஜப்பானியர் புகட்டியது என்று தள்ளிவிட முடியாது. கொரியாவின் சிந்தனையாளர் பலர் வெகுகாலமாக விரும்பியவை இவற்றுள் பல இருந்தன.

ஆனால் அதே மந்திரி சபையின் கீழ், அதே வருஷக் கடைசியில், கொரியப் படையும் ஜப்பானியப் படையும் சேர்ந்து கோங்ஜுவுக்கு அருகே குடியானவர்களைச் சுட்டு வீழ்த்தின. ஜோன் போங்-ஜுன் பிடிபட்டு 1895-ல் தூக்கிலிடப்பட்டார். கிம்மின் வாழ்க்கையிலே மகத்தான பிழை இதுவென்பது நமது அபிப்பிராயம். பரம்பரை மேன்மையை ஒழிக்கும் சட்டத்திற்கு அத்தேசத்தில் இயற்கையான துணைவர்கள் யார்? அந்தக் குடியானவர்களே. அவர்களை அழித்தபின் பழைய பிரபுக்களின் பகையும் அந்நியரின் ஆதரவுமே அவருக்கு மிஞ்சின. 1895-ல் ஜப்பானிடம் 30 லட்சம் யென் கடனும் வாங்கப்பட்டது. கடன் கொடுத்தவன் வாசலில் படையோடு நிற்கும்போது, வாங்கியவன் சுயேச்சையைப் பற்றிப் பேசுவது எங்ஙனம்?

அவ்வருஷ மே மாதத்தில் அவர் விலகினார். ஆகஸ்டில் மீண்டும் பிரதம மந்திரியானார். அது அவருடைய கெட்ட காலம். அக்டோபர் 8-ந் தேதி விடியுமுன், ஜப்பானிய ஸ்தானிகர் மியுரா கோரோவின் ஏற்பாட்டால் ஆயுதந்தாங்கியவர்கள் அரண்மனையில் நுழைந்து, ராணி மின்னைக் கொன்று உடலை எரித்தனர். கொலைகாரரின் பெயரைச் சொல்லிப் பதவியைத் துறந்திருக்க வேண்டிய நாள் அது. மந்திரி சபையோ மாண்ட ராணியைப் பட்டத்தினின்று இறக்கிக் கட்டளை பிறப்பித்தது. ஸியோலில் மூன்று கொரியர்கள் இக்கொலைக்காகத் தூக்கிலேறினர். ஹிரோஷிமாவில் விசாரிக்கப்பட்ட மியுராவும் கூட்டத்தாரும் சாட்சியம் போதாதென்று 1896 ஜனவரியில் விடுதலையாயினர். சட்டம் பயின்றவன் என்ற முறையில் சொல்லுகிறோம்: அந்த வழக்கில் குறைவாயிருந்தது சாட்சியமன்று.

இந்த ரணம் ஆறுவதற்குள், டிசம்பர் 30-ந் தேதி, ஆண்களெல்லாரும் குடுமியைக் கத்தரிக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. பெற்றோர் தந்த உடம்பைச் சிதைப்பது மகா பாவம் என்று நம்பிய ஜனங்கள் அவர்கள். அடிமை முறை போனதை மௌனமாகச் சகித்த மாகாணப் பண்டிதர்களும் இதற்கு ஆயுதமெடுத்தார்கள். கிராமங்களில் நீதிப் படைகள் எழுந்தன. நல்ல சட்டத்திற்குத் தேடிவைத்த மதிப்பையெல்லாம் நாவிதன் கத்தி ஒன்று செலவழித்துவிட்டது.

கலகத்தை அடக்கப் படைகள் தலைநகரை விட்டுப் போன சமயத்தில், பிப்ரவரி 11 விடியற்காலையில், அரசரும் இளவரசரும் அரண்மனைப் பெண்டிரின் பல்லக்குகளில் மறைந்து ருஷிய ஸ்தானிகர் மாளிகையைச் சென்றடைந்தனர். அங்கிருந்து மந்திரிகளைப் பிடிக்குமாறு உத்தரவு பிறந்தது. ஜப்பானியரிடம் அடைக்கலம் புகுமாறு சிலர் கிம்மை வேண்டினரென்றும், அந்நியர் தயவில் பிழைப்பதைவிடச் சொந்த ஜனங்களின் கையால் மடிவதே மேல் என்று அவர் மறுத்தாரென்றும் சொல்லப்படுகிறது. அவருடைய சகாக்களில் யூ கில்-சுன் ஜப்பானுக்குத் தப்பியோடினார். ஜோங் பியோங்-ஹா இவருடனேயே மாண்டார். பொக்கிஷ மந்திரி ஓ யுன்-ஜுங், தலைநகரை விட்டு ஓடும் வழியில் யோங்கின் என்னுமிடத்தில் கொல்லப்பட்டார்.

அரசர் ஒரு வருஷம் ருஷியர் வீட்டில் வாசம் செய்து, 1897 பிப்ரவரியில் வெளியே வந்தார். குடுமி உத்தரவு உடனே கைவிடப்பட்டது. அடிமைகளை மீண்டும் அடிமைகளாக்கும்படி மட்டும் கிம்முக்குப் பின் வந்த மந்திரிகளில் எவரும் உத்தரவிடவில்லை.