மாயூரம் முன்சீபு வேதநாயகர்

பிறரிடம் குறை காண்பார் பலர். நிறை கண்டு அதனை ஊரறியக் கூறுவார் சிலரே. அச்சிலருள் ஒருவராகவே மாயூரம் வேதநாயகம் பிள்ளையை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம். தமிழின் முதல் நாவலாசிரியர் என்னும் புகழைப் பாடநூல்களே அவருக்கு அளித்துவிட்டன. அதனை நாமும் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், 1826-ஆம் ஆண்டு, கத்தோலிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். நீதிமன்றத்தில் எளிய பணியில் தொடங்கி, முன்சீபாக உயர்ந்து, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் வழக்குகளைத் தீர்த்தார். 1859-இல் வெளிவந்த அவரது நீதிநூல் கைக்கூலி வாங்குவோரைக் கடிந்துரைக்கிறது. நீதிமன்றத்துக்கு வெளியே நின்று பழித்தவர் அல்லர். உள்ளே அமர்ந்திருந்தவரே அதனை எழுதினார் என்பது எண்ணத்தக்கது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு உற்ற நண்பர். சைவப் பெரும்புலவராகிய அவர் இக்கிறித்தவரைத் தலைவராகக் கொண்டு குளத்தூர்க் கோவை பாடினார். வேதநாயகரும் அத்தகையவரே. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் கொடையையும் புலமையையும் செய்யுட்களால் போற்றினார். புலவர் வள்ளலைப் பாடுவது பரிசில் கருதி என்பர். அரசுப் பதவியில் இருந்தவர்க்குப் பரிசில் எதற்கு? நல்லதை நல்லதெனச் சொல்லாமல் இருக்க அவரால் இயலவில்லை என்றே நாம் கொள்கிறோம்.

சொல்லோடு நின்றாரா என்பதற்குக் காலமே விடை கேட்டது. 1872-இல் பணியினின்று நீங்கினார். 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம் என மக்கள் இன்றும் வழங்கும் கொடும்பஞ்சம் நாட்டை வாட்டியது. முன்னைய வருவாய் இல்லாத அந்நிலையில் வேதநாயகர் தம் பொருளை வாரி வழங்கினார். கஞ்சித்தொட்டிகள் அமைத்துப் பசித்தோரைக் காத்தார். உண்ண வந்தவரின் சாதியும் சமயமும் அவர் உசாவியவை அல்ல. 1878-இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளில் பஞ்சம் தீர இறைவனை இறைஞ்சும் பாடல்களும் உள. வயிற்றுக்குக் கஞ்சி வார்த்த கையே அவற்றை எழுதியது.

இதனைக் கண்டு உருகினார் ஒருவர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளால் நாடறிந்த கோபாலகிருஷ்ண பாரதியாரே அவர். தில்லைக் கூத்தனைப் பாடிய அந்நாவு, மாயூரத்துக் கிறித்தவ முன்சீபை மனிதருள் மேருவாகக் கண்டு ஒரு கீர்த்தனை இசைத்தது. பிறரைப் பாராட்டி வந்தவர்க்கு வந்த பாராட்டு அது.

பஞ்சம் தணிந்தபின், 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. 1889-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21-ஆம் நாள் வேதநாயகர் மறைந்தார். பாரதியாரின் கீர்த்தனை அவருக்குப் பின்னும் நிலைத்திருக்கின்றது.